பால் பதம்

சார், தப்பா நினைச்சுக்காதீங்க, ஷூவைக் கழட்டி வச்சிருக்கீங்களா? இல்லையா? சரி சரி, கோவிச்சுக்காதீங்க. ஏதோ ஒரு நாத்தம் அடிக்குது, அதான் கேட்டேன். திருச்சியில பஸ்ஸு கிளம்பினதுலேருந்து அடிக்குது. உங்களுக்கும் வருதுல்ல? அப்பாடா, எனக்கு மட்டும்தானோன்னு பார்த்தேன்.

முன் சீட்டுல அந்தம்மா ஒரு கூடை வச்சிருக்கே, அதுலேருந்துதான் வரும். ஏம்மா, கூடையில என்ன, மீனா? கொய்யாப்பழமா? நல்லா மூடி வைம்மா. கொய்யாப்பழமாம் சார். கொய்யா இப்படியா நாறும்? அடியில எதையாவது வச்சுட்டு மேல கொய்யாவை அடுக்கியிருக்கும். கருமம். ஒரு சுத்தபத்தம் கிடையாது நம்ம ஜனங்களுக்கு. காலையில டீக்கடையில பார்த்தேன், ஒரே பக்கெட் தண்ணியில அத்தனை கிளாஸையும் முக்கி முக்கி எடுக்கிறான். தண்ணி நெறம் மாறி நிக்குது, அதுலயே முக்குறான். டீயே வேணாம்னு வந்துட்டேன்.

மூக்கு எனக்குக் கொஞ்சம் கூர்மை சார். என் பேரு ரத்தினசபாபதி. பொன்மலை ரயில்வே பட்டறையில பெயிண்ட் ஷாப்புல முப்பத்துநாலு வருஷம். டப்பாவைத் திறக்கவே வேணாம், மூடிகிட்ட மூக்கைக் கொண்டு போனாப் போதும், எந்த பெயிண்ட், எந்த தின்னர், கலப்படமா இல்லையான்னு சொல்லிருவேன். அந்த மூக்கை வச்சுக்கிட்டு இந்த ஏழெட்டு மாசமா நான் பட்ட பாடு இருக்கே, எதிரிக்கும் வரக் கூடாது.

மடியில என்னன்னு பாக்குறீங்களா? ரயிலு. ஒரு இன்ஜின், ரெண்டு பெட்டி. நானே செஞ்சது. தகரம், பிளாஸ்டிக் ஷீட்டு, பழைய குடைக்கம்பி. பெட்டிக்கு அந்தக் காலத்துச் செங்காவி கலர். ஜன்னல் கம்பி எல்லாம் தனித்தனியா வச்சிருக்கேன், எண்ணிப் பாருங்க. புதுக்கோட்டையில என் சகலைக்குக் கொண்டு போறேன். சகலைன்னா, என் சம்சாரத்தோட தங்கச்சி வீட்டுக்காரர். நடேசன்னு பேரு. கோவக்கார மனுஷன். பொங்கலுக்கு மறுநாள் என் சம்சாரத்தைக் கூட்டிட்டுப் போனவரு, நாலு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. வெறுங்கையோட போனா வாசல்லயே நிக்க வச்சுருவாரு. ரயிலைக் கையில குடுத்தா கொஞ்சம் இளகுவாருல்ல? இளகினா அவளைக் கையோட கூட்டிட்டு வந்துருவேன். அதுக்குத்தான் போறேன்.

அவ பேரு தையல்நாயகி. ஏன் போனான்னா, நாத்தம்தான் சார். எங்க வீட்டுல அடிச்ச நாத்தம்.

முதல்லேருந்து சொல்றேன். நான் ரிட்டயரானதும் என் பொண்ணு ஹேமலதா ஒரு ஏர்பிரஷ் வாங்கிக் குடுத்தா. பேனா மாதிரி இருக்கும், சின்னக் கம்ப்ரஸர் ஒண்ணு, மேல ஒரு சின்னக் கிண்ணம், அதுல பெயிண்ட் ஊத்தி அமுக்கினா புகை மாதிரி அடிக்கும். அதோட இருபது பாட்டில் அக்ரிலிக் பெயிண்ட். எனாமல் இல்ல, அக்ரிலிக். தண்ணியில கலக்குற பெயிண்டு. வாங்கின கடைக்காரன் ஒரு சீட்டு வேற எழுதி உள்ள வச்சிருந்தான். ஐயா, பெயிண்டைப் பால் பதத்துக்குக் கலக்கணும். காய்ச்சி வடிச்ச தண்ணி இல்லேன்னா கம்பெனி தின்னர்தான் ஊத்தணும், குழாய்த் தண்ணி கூடாது. அன்னன்னைக்கு வேண்டியதை மட்டும் கலக்கணும், மிஞ்சினதைத் திரும்பத் தாய் பாட்டில்ல ஊத்தக் கூடாது. சுத்தமான பாட்டில்ல இறுக்க மூடி, வெயில் படாம குளுமையான இடத்துல வைக்கணும்.

யாருக்கு எழுதுறான் பாருங்க! முப்பத்துநாலு வருஷம் பெயிண்டுலயே குளிச்சவனுக்கு! ரயில் பெட்டிக்குப் பெயிண்ட் அடிச்சவனுக்கு, முழம் நீளம் இல்லாத பொம்மைக்கு எப்படி அடிக்கிறதுன்னு சீட்டு! போன் பண்ணி நாலு கேள்வி கேட்டேன். காய்ச்சி வடிச்ச தண்ணின்னா எதுடா, பேட்டரிக்கு ஊத்துறதாங்கிறேன். ஆமாங்கிறான். பேட்டரித் தண்ணியைப் பெயிண்டுக்கு ஊத்தச் சொல்றான் சார்! எங்க போர் தண்ணியில என்ன குறைச்சல்? தையலு அதைப் பானையில புடிச்சு வைப்பா, அதையேதான் நாங்க குடிக்கிறோம். மனுஷன் குடிக்கிற தண்ணி, தகர இன்ஜினுக்கு ஆகாதா?

மிஞ்சினதைக் கீழ ஊத்தணுமாம். எங்க வீட்டுல தட்டுல ஒரு பருக்கை விட்டா எங்கப்பா முதுகுத்தோலை உரிச்சுருவாரு. அந்த வளர்ப்பு எனக்கு. கிண்ணத்துல மிஞ்சின பெயிண்ட் ஒவ்வொரு சொட்டையும் வழிச்சுத் தாய் பாட்டில்லயே ஊத்திருவேன். பிரஷ்ஷைக் கழுவின தண்ணியில கலர் இருக்குல்ல, அதைக்கூட விட மாட்டேன், அதையும் அதுலயே ஊத்திருவேன்.

அப்புறம் இன்னொரு வித்தை. பட்டறையில எனாமல் டப்பாவை பாதி எடுத்துட்டு மூடினா மேல ஆடை கட்டிக்கும். அதுக்கு நாங்க என்ன பண்ணுவோம், மேலாக ஒரு விரல்கடைக்குத் தண்ணி ஊத்தி மூடி வச்சிருவோம். எத்தனை மாசம் கழிச்சுத் திறந்தாலும், தண்ணியைச் சாய்ச்சுட்டா உள்ள பெயிண்ட் நேத்து வாங்கின மாதிரி இருக்கும். அதையே இதுக்கும் பண்ணினேன். இது தண்ணியோட கலந்துக்குற பெயிண்டா, பால் பதமும் தானாவே வந்துருச்சு. ரெண்டு வேலை ஒரே வேலையில முடிஞ்சுது. கடைக்காரனுக்கு இந்தப் புத்தி வருமா?

தண்ணி ஊத்தி ஊத்திப் பெயிண்ட் கூடிப் போச்சு, மாத்தி ஊத்தப் பெரிய பாட்டிலுக்கும் நான் கடைக்கு ஓடல. தின்னர் சுவாசிச்சு சுவாசிச்சு எனக்கு வருஷம் பூரா இருமல். இருமல் டானிக் பாட்டில் வீடு நிறையக் கிடக்கும். சின்ன பாட்டில், நல்ல மூடி, கண்ணாடி. தண்ணி ஊத்தி ஒரு அலசு அலசுவேன், அவ்வளவுதான். அடியில கொஞ்சம் பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும், சர்க்கரைப் பாகுதானே, அது என்ன பண்ணிரப் போகுது? பெயிண்டுக்கு ஒரு பளபளப்பு கூடத்தான் வரும்.

ஆனா ஒண்ணு, அந்தச் சீட்டுல ஒரு விஷயம் சரியா எழுதியிருந்தான். வெயில் படாம குளுமையான இடம். அதை நான் ஒத்துக்குறேன். எங்க வீட்டுல ஹாலு மேற்கு பார்த்தது, மத்தியானத்துக்கு மேல அடுப்பு மாதிரி கொதிக்கும். சமையக்கட்டுல வைக்கத் தையலு விடமாட்டா. இருக்கிறதுலயே குளுமையான இடம் படுக்கையறை, அதுலயும் தையலோட கட்டிலுக்கு அடியில. ஒரு மரப்பெட்டியில இருபது பாட்டிலையும் வரிசையா அடுக்கி உள்ள தள்ளி வச்சேன். கையை விட்டா சில்லுன்னு இருக்கும். இது போன ஆடியில.

ஐப்பசியில அந்த நாத்தம் ஆரம்பிச்சுது.

எப்படிச் சொல்றது சார், அழுகின முட்டையும் சாக்கடையும் சேர்ந்த மாதிரி. முதல்ல அவ கருவாட்டுச் சட்டின்னு நினைச்சேன். எடுத்துக் கொல்லையில வீசிட்டேன். அழுதா, அவங்க அம்மா குடுத்த சட்டியாம். போகல. எலி செத்திருக்கும்னு பரண்ல ஏறி எல்லாத்தையும் கீழ இறக்கினேன். போகல. சாக்கடைக்கு ஆள் கூட்டிட்டு வந்து மூணு தடவை குத்த வச்சேன். அந்த ஆளு வேலை முடிஞ்ச கையோட பீடியைப் பத்த வச்சு வாயில வைக்கிறான், ச்சீ! நாத்தம் மட்டும் போகல.

அப்புறந்தான் கவனிச்சேன். ஹால்ல இல்ல. சமையக்கட்டுல இல்ல. படுக்கையறையிலதான். அதுலயும் கட்டில்கிட்டப் போனா ஆளைத் தூக்குது. கட்டில்ல யாரு படுக்குறா? தையலு.

அவளுக்குச் சர்க்கரை. புரட்டாசியில குதிகால்ல ஏதோ குத்தி அது புண்ணாப் போச்சு. ஆறவே இல்ல. தினம் கட்டு மாத்துவா. நான் அந்தப் பக்கமே பாக்க மாட்டேன், எனக்கு அந்தச் சீழு கீழெல்லாம் ஆகாது. சர்க்கரைப் புண்ணு அழுகும்னு ஊரே சொல்லுது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பா வேணும்?

ஒரு நாள் அவளே கேட்டா. "ஏங்க, நாத்தம் என் கால்லேருந்தா வருது?"ன்னா. நான் மறைச்சுப் பேசுற ஆள் இல்ல சார். ஆமா தையலு, உன் கால்லேருந்துதான்னேன்.

அதுக்கப்புறம் அவ ஒரு மாதிரி ஆயிட்டா. டெட்டாலைத் தண்ணி மாதிரி ஊத்துவா. ஒரு நாளைக்கு நாலு தடவை கழுவுவா, தோலு வெந்து போற அளவுக்கு. வெள்ளிக்கிழமை தவறாம கோயிலுக்குப் போறவ, நின்னுட்டா. கேட்டா, கூட்டத்துல பக்கத்துல நிக்கிறவங்க மூஞ்சியைச் சுளிச்சா செத்துருவேங்கிறா. கொல்லைப்படியில தனியா உக்காந்து சாப்புடுவா. மார்கழிக் குளிர்ல சமையக்கட்டுல வெறுந்தரையில படுத்தா. நானும் விட்டுட்டேன். ஆனா பாருங்க, அவ அந்தக் கட்டில்ல படுக்காமலே ஒரு மாசம் ஆச்சு, நாத்தம் கட்டில்லயேதான் இருந்துச்சு. மெத்தையில ஊறியிருக்கும்னு மெத்தையைக் கொளுத்தினேன். அப்பவும் இருந்துச்சு. மரத்துலயே ஊறியிருக்கு சார்! அவ்வளவு நாத்தம் ஒரு மனுஷி உடம்புலேருந்து வந்தா, எப்படி இருந்திருக்கும்னு பார்த்துக்குங்க.

என்ன, பெயிண்டா? நல்லா கேட்டீங்க. பெயிண்டு எங்கயாவது அழுகுமா சார்? அது என்ன தோசை மாவா? திறந்தா லேசா ஒரு முட்டை வாடை வரத்தான் செய்யும். அது அந்தக் கம்பெனிச் சரக்கோட வாசனை. எனாமலுக்கு ஒரு வாசனை, வார்னிஷுக்கு ஒரு வாசனை, இதுக்கு இது. ஆனா சரக்கு மட்டம்தான், அதை ஒத்துக்குறேன். பெயிண்டுக்குள்ள சளி மாதிரி இழை இழையா வரும், பிரஷ் மூக்கு அடைச்சுக்கும். பழைய வேட்டித்துணியில வடிகட்டித்தான் அடிப்பேன். ஏமாத்துக்காரப் பசங்க.

பொங்கலுக்கு மச்சினியும் சகலையும் வந்தாங்க. வந்து ஒரு மணி நேரம்கூட ஆகல, சகலை மூக்கைப் பொத்திக்கிட்டு, "என்ன அண்ணே நாத்தம் இது, எதாவது செத்துக் கிடக்கா?"ன்னாரு. எனக்கு மானமே போச்சு. வீட்டைச் சுத்தமா வச்சுக்கத் தெரியாதவன்னு நினைச்சுருவாரேன்னு, "செத்துக் கிடக்கல, உயிரோடதான் உக்காந்திருக்கு, உங்க அண்ணியார் கால்தான்"னு சொல்லிட்டேன். எல்லாரும் இலையில உக்காந்திருக்காங்க. தையலு பொங்கல் பரிமாறிக்கிட்டு இருந்தா. கரண்டியை அப்படியே வச்சுட்டு உள்ள போனவதான், வெளிய வரல. மறுநாள் காலையில மச்சினி அவ பையைத் தூக்கிக்கிட்டு நிக்குறா. "அக்கா எங்க வீட்டுல இருக்கட்டும், எங்களுக்கு ஒண்ணும் நாறல"ன்னா. தையலு என் மூஞ்சியைப் பாக்காமலே ஆட்டோவுல ஏறினா. ஏறி, டிரைவருக்குத் தள்ளி, ஓரமா ஒடுங்கி உக்காந்தா.

தப்பு என்மேலன்னா சொல்றீங்க? உண்மையைத்தானே சொன்னேன்? கேளுங்க, அவ போனதும் நடந்ததைக் கேளுங்க. அவ இல்லைங்கவும் எனக்கு வசதியாப் போச்சுன்னு பெயிண்ட் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலேருந்து ஹாலுக்குக் கொண்டு வந்து வச்சுக்கிட்டேன், குனிஞ்சு குனிஞ்சு எடுக்க இடுப்பு வலிக்குதேன்னு. ஒரே வாரம். படுக்கையறையில துளி நாத்தம் இல்ல! பார்த்தீங்களா? அவ போனா, நாத்தமும் போச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? ஹால்ல இப்பக் கொஞ்சம் அடிக்குது, அது எதிர்வீட்டுச் சாக்கடை. அவனுக்கு நோட்டீஸ் விட்டிருக்கேன்.

புதுக்கோட்டையில ஒரு டாக்டர்கிட்டக் காட்டினாங்களாம். புண்ணு சுத்தமா இருக்கு, வாடையே இல்லம்மான்னாராம். டாக்டருங்க மூக்குல மாஸ்க்கு சார், அவங்களுக்கு என்ன தெரியும்? தையலு கேக்கலையாம். "பொய் சொல்றீங்க டாக்டர், எனக்காகச் சொல்றீங்க, இந்தக் காலை எடுத்துருங்க, என்னால நாத்தம் தாங்க முடியல"ன்னு அவரு கையைப் புடிச்சுக்கிட்டு அழுதாளாம். மச்சினி போன்ல சொல்லி என்னைத் திட்டினா. நான் கேட்டேன், நாத்தம் இல்லாமலா ஒருத்தி காலை எடுக்கச் சொல்லுவான்னு. போனை வச்சுட்டா.

போன வாரம் மச்சினியே போன் பண்ணினா. புண்ணு முழுசா ஆறிருச்சாம். "அக்கா உங்களையே நினைச்சுக்கிட்டு இருக்கு, சரியாச் சாப்புடல, வந்து கூட்டிட்டுப் போங்க, ஆனா ஒரு வார்த்தை தப்பாப் பேசினீங்க, ஜென்மத்துக்கும் அனுப்ப மாட்டோம்"னா. அதான் கிளம்பிட்டேன். அவ இல்லாம வீடு வீடாவா இருக்கு? நானே வடிச்சு நானே தின்னு, நாக்கே செத்துப் போச்சு. முப்பத்தொரு வருஷம் சார். இருமல் வந்தா ராத்திரியில எந்திரிச்சு வெந்நீர் வச்சுக் குடுப்பா. இப்ப நானே இருமி நானே அடங்குறேன்.

கீரனூர் வந்துருச்சா? என்ன வெயிலு, இப்பவே இப்படி. நாத்தம் கூடிக்கிட்டே வருதே சார். கொய்யாக் கூடைக்காரம்மா இறங்கிருச்சு, இன்னும் அடிக்குதே. பின்னாடி யாராவது குழந்தை வாந்தி எடுத்துருச்சா பாருங்க.

என் பையிலேருந்தா? என்ன சார் நீங்களும்! பையில பெயிண்டுதான் இருக்கு. பஸ்ஸுல இடிபட்டு எங்கயாவது கீறல் விழுந்தா அங்க போய்த் தொட்டு அடிக்கலாம்னு நாலு பாட்டில் எடுத்துட்டு வந்தேன். நீங்க நம்பல. சரி, இருங்க, எடுத்தே காட்டுறேன். இந்தாங்க பாருங்க, இதான் செங்காவி. மூடி கொஞ்சம் உப்பின மாதிரி இருக்குல்ல? வெயிலுக்கு. பிடிச்சுக்குங்க ரயில் பெட்டியை. இறுகிப் போச்சு மூடி... உஸ்ஸுங்குது கேட்டீங்களா, ஒண்ணுமில்ல, காத்து...

அய்யய்யோ! அய்யோ அப்பா!

துடைங்க சார், துடைங்க, உங்க மேல பட்டுருச்சா? என் மேலதான். சட்டை பூரா. இல்லைங்க கண்டக்டர், செத்த எலி இல்ல, பெயிண்டுங்க. சத்தியமா பெயிண்டு. ஏம்மா, கத்தாத, ஒண்ணும் இல்ல, பெயிண்டுதான். தூ, வாயிலயே பட்டுருச்சு. தூ!

சார்.

சார், இது... இருங்க. இந்த ஒரு பாட்டில் கெட்டுப் போயிருக்கும். வெயில்ல. இதோ கறுப்பு இருக்கு, இதைத் திறந்து பாக்குறேன். இருங்க கண்டக்டர், ஒரே நிமிஷம்.

ஐயோ.

மேல பாருங்க சார், பச்சையா பூஞ்சை. கறுப்பா ஆடை. உள்ள கொழகொழன்னு. இதையா நான் வேட்டித்துணியில வடிகட்டினேன்? இந்தக் கையாலயா? இதே நாத்தம்தான் சார். அழுகின முட்டையும் சாக்கடையும். எங்க வீட்டுல அடிச்ச அதே நாத்தம்.

இருபது பாட்டில் சார். அவ கட்டிலுக்கு அடியில. அவ தலைமாட்டுக்கு நேர் கீழ.

இறக்கி விட்டுராதீங்க கண்டக்டர், புதுக்கோட்டைக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். பையை வெளிய போட்டுறேன். இந்தா, பாட்டில், பை, எல்லாத்தையும் அந்தக் குப்பைத்தொட்டியில போட்டுட்டு வந்துறேன். ஒரு நிமிஷம் நிறுத்துங்க.

நன்றி சார், இடம் போட்டு வச்சதுக்கு. எல்லாரும் தள்ளி உக்காந்துட்டாங்க பாருங்க. அந்தப் பொண்ணு துப்பட்டாவை மூக்குல வச்சுக்கிட்டுப் பாக்குது, எதையோ மிதிச்சவனைப் பாக்குற மாதிரி. நான்தான்... நான்தான் இத்தனை நாளா எல்லாரையும் அப்படிப் பாத்துக்கிட்டு இருந்தேன். கையை முகர்ந்து பாக்கவே பயமா இருக்கு. சோப்பு போட்டா போகுமா இது?

சொல்லணும் சார். ஆமா, நீங்க சொல்றது சரி. அவகிட்டச் சொல்லியே ஆகணும். சகலை இருப்பாரு. அவரு முன்னாடி எப்படிச் சொல்றது? முப்பத்துநாலு வருஷப் பெயிண்டரு, பெயிண்ட் அழுகினது தெரியாம பொண்டாட்டி காலைச் சொன்னான்னா, அந்த மனுஷன் சிரிக்க மாட்டாரு சார், என்னை அடிச்சுருவாரு. திருச்சிக்குப் போய்ச் சேர்ந்ததும் தனியா சொல்லிக்கலாம். இல்ல, ஒண்ணு பண்ணலாம். புண்ணு ஆறிருச்சுல்ல? நாத்தம் போயிருச்சு தையலுன்னு சொல்லிரலாம். அது பொய் இல்லையே? இப்ப நாத்தம் இல்லதானே? அவளுக்கும் நிம்மதி, எனக்கும்...

இல்ல. நீங்க அப்படிப் பாக்காதீங்க. தெரியுது. அவ அப்ப நாறினான்னே ஆயுசுக்கும் நினைச்சுக்கிட்டு இருப்பா. காலை எடுக்கச் சொல்லி அழுதா சார் அவ. சொல்லிருவேன். இறங்கினதும் முதல் வார்த்தையா சொல்லிருவேன். உன் கால் இல்லடி, என் பெயிண்டுடின்னு. அவ்வளவுதானே, ஒரு வார்த்தை. மன்னிச்சுருவா. அவ மன்னிக்கிற ஆளுதான். நீங்களே ஜன்னல் வழியா பாத்துக்கிட்டே இருங்க, சொல்றேனா இல்லையான்னு.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு. அதோ சகலை, அந்த வெள்ளைச் சட்டை, நிழல்ல நிக்கிறாரு. மச்சினியும் நிக்கிறா. தையலு எங்க? அவளும் வர்றேன்னா... அதோ. அங்க, தனியா. எல்லாரும் நிழல்ல நிக்கிறாங்க, அவ மட்டும் பத்தடி தள்ளி வெயில்ல நிக்கிறா பாருங்க. யாருக்கும் வாடை அடிக்கக் கூடாதுன்னு நிக்கிறா. எப்படி இளைச்சுப் போயிட்டா!

இறங்குறேன் சார். அந்த ரயில் பெட்டியை மட்டும் ஜன்னல் வழியாக் குடுங்க. பத்திரம், அந்த ஜன்னல் கம்பி... ஆங், புடிச்சுக்கிட்டேன்.

வாங்க சகலை, நல்லா இருக்கீங்களா? இது உங்களுக்குத்தான், பாருங்க. தையலு. வா. எப்படி இருக்கே? வா, பக்கத்துல வா.

என்ன, மூக்கை உறிஞ்சிட்டு ஏன் நின்னுட்டே?

இல்ல தையலு, பின்னாடி போகாத. காலை ஏன் புடவைக்குள்ள மறைக்கிறே? என்ன கேட்டே? இன்னும் நாறுதான்னா?

அது... சகலை, ஒரு நிமிஷம். அது வந்து தையலு...

லேசாத்தான் இருக்கு. முன்ன மாதிரி இல்ல. நான் பொறுத்துக்குவேன், வா. அழாத, எல்லாரும் பாக்குறாங்க. நான் பொறுத்துக்குவேன்.

வர்றேன் சார். சார்? ஏன் சார் ஜன்னலைச் சாத்துறீங்க?